சிலம்பில் ஒரு சுடுசொல்

சொல்லுக்குப் பொருள் உண்டு என்பதை அகராதி கூறும். சொல்லுக்குச் சூடும் உண்டு என்பதை அகராதி கூறுவதில்லை. ஆயினும் நம் இலக்கண ஆசிரியர்கள் இதனை அறியாதவர் அல்லர். நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். செத்தார் என்பதைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலத்தின்பாற்படும். இரு சொற்களும் சுட்டும் பொருள் ஒன்றே. பொருள் ஒன்றாயின் சொல்லை மாற்றுவானேன்? கேட்பவர் நெஞ்சில் ஒரு சொல் விழும்போது, பொருள் சென்று சேரும் முன்னரே வேறொன்று சென்று சேர்கிறது என்பதை உணர்ந்துதான் நம் முன்னோர் இதற்கும் ஓர் இலக்கணம் வகுத்தனர்.

தமிழகத்தை விட்டுத் தொலைவில் வாழும் நம் இல்லங்களிலும் இவ்வழக்கு முற்றும் அழிந்துவிடவில்லை. விளக்கை 'அணை' என்னாது 'குளிர வை' என்று சொல்லும் பாட்டிமார் இன்றும் உளர். புறப்படும்போது 'போகிறேன்' என்று சொல்லிவிட்டால் வாசல்வரை வந்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள்; 'போய் வருகிறேன்' என்று திருத்திச் சொன்ன பிறகே விடை தருகிறார்கள். அலுவலகத்திலும் இதே நிலைதான். 'ஆபீஸ் மெமோராண்டம்' என்பது ஓர் அமைச்சகம் மற்றோர் அமைச்சகத்துக்கு எழுதும் சாதாரண மடல்வகை. நம்மைப் போன்ற எழுத்தர்கள் அதனை அன்றாடம் தட்டச்சு செய்து அனுப்புகிறோம். ஆனால், 'உங்களுக்கு ஒரு மெமோ வந்திருக்கிறது' என்று யாரேனும் வந்து சொன்னால், உறையைப் பிரிக்கு முன்பே உள்ளங்கை வியர்க்கிறது. உள்ளே இருப்பது விடுப்புக் கணக்கைச் சரிபார்க்கச் சொல்லும் இரண்டு வரியாகவே இருக்கலாம். அதனைப் படித்தறியும் வரையில் மனம் காத்திருப்பதில்லை.

இதனை உளநூலார் சோதனை செய்தும் பார்த்திருக்கின்றனர். 1935ஆம் ஆண்டில் ஸ்ட்ரூப் என்னும் அமெரிக்க அறிஞர், ஒரு நிறத்தின் பெயரை வேறொரு நிறத்து மையில் எழுதிக் காட்டி, மையின் நிறத்தைக் கூறுமாறு கேட்டார். சிவப்பு என்னும் சொல் நீல மையில் இருந்தால் நாக்குத் தடுமாறுகிறது. பின்வந்தோர் நிறப்பெயர்களுக்கு மாற்றாக அச்சமூட்டும் சொற்களை வண்ண மையில் எழுதிக் காட்டினர். சொல்லைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. நிறத்தைச் சொன்னால் போதும். எனினும் அத்தகைய சொற்கள் வந்தபோது, சிறப்பாகக் கவலை மிகுந்தோர்க்கு, விடை சொல்லக் கூடுதல் நேரம் பிடித்தது. சொல்லின் சூடு கவனத்தைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. கையில் இருக்கும் வேலை பின்தங்குகிறது.

நம் ஆய்வுக்கு இதனினும் நெருங்கியது 1974இல் எலிசபெத் லாப்டஸ், ஜான் பாமர் ஆகிய இருவர் நடத்திய சோதனை. மாணவர்களுக்குக் கார்கள் மோதிக்கொள்ளும் படக்காட்சி ஒன்றைக் காட்டி, அவை எவ்வளவு வேகத்தில் வந்தன என்று கேட்டனர். கேள்வியில் ஒரு வினைச்சொல் மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. 'நொறுங்க மோதியபோது' என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைல் அளவில் வேகம் சொன்னார்கள். 'தொட்டுக்கொண்டபோது' என்று கேட்கப்பட்டவர்கள் 32 மைல் அளவில் சொன்னார்கள். பின்னர் வேறு மாணவர்களை வைத்து இச்சோதனையை வேறு வகையில் நடத்தி, ஒரு வாரம் கழித்து, 'உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?' என்று வினவினர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. 'நொறுங்க' என்னும் சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'இடித்துக்கொண்டபோது' என்னும் சொல்லைக் கேட்ட 50 பேரில் அவ்வாறு சொன்னவர் 7 பேர். கேள்வியில் புகுந்த ஒரு சொல், கண்ணால் கண்ட காட்சியையே மாற்றி எழுதிவிட்டது.

இவ்வளவு முன்னுரை எதற்கெனில், சிலப்பதிகாரத்தை இந்நோக்கில் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கே. (அனுமன் 'கண்டேன்' என்று தொடங்கியதைச் சொல்லாமல் இதனைப் பேசலாமா என்று அன்பர்கள் கேட்கக்கூடும். அதனை நம் சங்க மேடைகளில் ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். இம்முறை அவருக்கு ஓய்வு கொடுப்போம்.)

மதுரையில் நேர்ந்த பிழைக்குக் காரணம் யார்? பாண்டியனா, பொற்கொல்லனா, ஊழ்வினையா? பட்டிமன்றங்களில் நெடுங்காலமாக இவ்வழக்கு நடந்து வருகிறது. ஊழ் என்பது இளங்கோவடிகளே பாயிரத்தில் வைத்த காரணம், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊழ் எந்தக் கருவியைக் கொண்டு தன் வேலையைச் செய்தது என்று கேட்பாரைக் காணோம். அக்கருவி வாளன்று. 'கள்வன்' என்னும் ஒரு சொல்லே என்பது நம் கருத்து.

கொலைக்களக் காதையை மெல்லப் படித்துப் பார்ப்போம். கோவலன் சிலம்பு விற்கச் செல்கிறான். எதிர்ப்பட்ட பொற்கொல்லனிடம் காட்டுகிறான். அரசியின் சிலம்பை முன்பே களவாடியவன் அப்பொற்கொல்லன். பழியைப் போக்க ஓர் ஆள் அகப்பட்டான் என்று அரண்மனைக்கு விரைகிறான். அங்கே அரசன் எந்நிலையில் இருக்கிறான்? ஆடல் மகளிரின் ஆட்டத்தில் அவன் மனம் பறிகொடுத்தான் எனச் சினந்த கோப்பெருந்தேவி, தலைவலி என்று சொல்லி எழுந்து சென்றுவிட்டாள். அவள் ஊடலைத் தீர்க்க, அமைச்சரை விட்டு நீங்கி, அந்தப்புரம் நோக்கி நடந்துகொண்டிருக்கிறான் அரசன். அவையில் இல்லை; அரியணையில் இல்லை; அறிவுரை கூறுவார் எவரும் அருகில் இல்லை. மனம் முழுதும் ஒருத்தியின் சினத்தில் இருக்கிறது. அந்த வாயிலில் வந்து விழுந்து வணங்குகிறான் பொற்கொல்லன்.

அவன் சொன்ன செய்தியின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். 'ஒருவன் ஒரு சிலம்பைக் கொண்டுவந்து காட்டினான்' என்று அவன் தொடங்கவில்லை. அப்படித் தொடங்கியிருந்தால் அது செய்தி. கேட்பவன் கேள்வி கேட்பான். கன்னக்கோல் முதலிய கருவி ஏதுமின்றி, மந்திரத்தால் காவலரைத் தூங்கச் செய்து, அரண்மனைச் சிலம்பைக் கவர்ந்த கள்வன் தன் குடிலில் இருக்கிறான் என்கிறான். மந்திரம் என்னும் அச்சமும், காவலர் உறங்கினர் என்னும் இழுக்கும், அரண்மனைச் சிலம்பு என்னும் உரிமையும் ஒன்றாகச் சேர்ந்து அந்த ஒரு சொல்லின்மேல் வந்து குவிகின்றன. ஊடிய மனைவியின் காற்சிலம்பு கிடைத்தது என்றால் ஊடலும் தீரும் அன்றோ! அரசன் மனத்தில் அந்நேரத்தில் எரிந்துகொண்டிருந்த நெருப்புக்கு ஏற்ற எண்ணெய் இது.

இனி அரசன் இட்ட ஆணையைப் பார்ப்போம். அவன் கண்ணை மூடிக்கொண்டு கொல்லச் சொல்லவில்லை. ஒரு நிபந்தனை வைத்தான். தேவியின் சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் கொன்று கொண்டுவருக என்பது அதன் கருத்து. பாண்டியனுக்காக வாதாடுவோர் இந்நிபந்தனையைச் சுட்டிக்காட்டி, 'அவன் ஆராயாதவன் அல்லன்' என்பர். நம் கண்ணுக்கோ இந்நிபந்தனையே பெரும்பிழையாகப் படுகிறது. 'கள்வன் கையில் இருந்தால்' என்றபோதே அவன் கள்வன் என்பது முடிந்துபோன செய்தியாகிவிட்டது. ஆராய வேண்டியது எதுவோ அது ஆராய்ச்சியின் தொடக்கத்திலேயே விடையாக அமர்ந்துகொண்டது. அதுமட்டுமன்று, பொற்கொல்லன் தந்த பெயரை வாங்கிக்கொண்ட அரசன், தன் பங்குக்குக் 'கன்றிய' என்று ஓர் அடைமொழியும் சேர்க்கிறான். தொழிலில் பழுத்துத் தேறிய கள்வனாம்! முகத்தைக்கூடப் பாராத ஒருவனுக்கு ஒரு நொடியில் பழைய குற்றங்களும் முளைத்துவிட்டன. மாணவர்கள் இல்லாத கண்ணாடியைக் கண்டதும் இவ்வாறுதான்.

அலுவலகக் கோப்புகளோடு காலங்கழிக்கும் நமக்கு இவ்விடத்தில் ஒரு நினைவு வராமற் போகாது. அரசியல் சட்டத்தின் 311ஆம் பிரிவு, அரசு ஊழியர் ஒருவரைப் பணிநீக்கம் செய்யுமுன், குற்றச்சாட்டுகளை அவருக்கு அறிவித்து, விசாரணை நடத்தி, தம் பக்கத்தைச் சொல்லத் தக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது. 1965ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகள் அந்த விசாரணையின் ஒவ்வொரு படியையும் வரையறுக்கின்றன. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரையில் அவர் 'குற்றம் சாட்டப்பட்ட அலுவலர்' மட்டுமே. இந்நடை வறண்டது என்று நாம் நகையாடுகிறோம். நான்கு சொற்களில் சொல்ல வேண்டியதை நாற்பது சொற்களில் சொல்கிறது என்று சலித்துக்கொள்கிறோம். ஆனால் அவ்வறட்சி வேண்டுமென்றே வைக்கப்பட்டது. சொல்லைக் குளிர வைத்தால்தான் கேள்வி பிறக்கும். பாண்டியன் ஆணையில் குற்றப்பத்திரிகை இல்லை; விசாரணை அதிகாரி இல்லை; குற்றம் சாட்டியவனே ஏவலரோடு உடன் செல்கிறான்!

கொலைக்களத்தில் நிகழ்வது இன்னும் நுண்மையானது. காவலர் கோவலனைக் கண்டதும், இவன் முகத்தோற்றமும் அடையாளங்களும் கொலைக்குரியவனுடையவை அல்ல என்கின்றனர். கண் மெய்யைக் கண்டுவிட்டது. பொற்கொல்லன் என்ன செய்கிறான்? சிலம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று களவு நூலை விரித்துரைக்கிறான். தூதர் வேடத்தில் வந்து இளவரசன் ஆரத்தைக் கவர்ந்த ஒருவன் கதையைச் சொல்கிறான். அதைக் கேட்ட இளைஞன் ஒருவன், தான் மழைநாள் இரவில் உளியோடு வந்த கள்வனை எதிர்ப்பட்ட கதையைச் சொல்கிறான். இக்கதைகளில் ஒன்றேனும் கோவலனைப் பற்றியதா? இல்லை. எல்லாம் 'கள்வன்' என்னும் சொல்லைப் பற்றியவை. நிற்கும் மனிதன் மறைந்து சொல் மட்டும் நின்றது. அச்சமயத்தில் கல்லாத, கள்ளுண்ட ஒருவன் வாளை ஓங்கினான். பேசியோர் எல்லாம் பேசிக்கொண்டிருக்க, பேசாத ஒருவன் கையில் சொல் சென்று வாளாயிற்று. இளங்கோவடிகள் இக்காட்சியில் கதைமாந்தரையே பேசவிட்டு விலகி நிற்பது, நம் காப்பியங்களில் வேறெங்கும் எளிதில் காண முடியாத ஆற்றல் என்று துணிந்து சொல்லலாம்.

அதன்பின் அச்சொல் ஆய்ப்பாடியை அடைகிறது. கணவன் கொலையுண்ட செய்தியோடு அவன் கள்வன் எனப்பட்டான் என்பதும் கண்ணகியின் காதில் விழுகிறது. அவள் கதிரவனை நோக்கிக் கேட்ட முதற்கேள்வி எது? 'என் கணவன் இறந்தானா?' என்பதன்று, அவன் கள்வனா என்பது. இறப்பினும் அச்சொல்லே அவளைச் சுட்டது. கள்வன் அல்லன் என்று விண்ணிலிருந்து விடை கிடைத்தபோதும் அவள் அமையவில்லை. சொல்லைப் பிறப்பித்த இடத்திலேயே அதனைத் திருப்பிக் கொடுக்கச் செல்கிறாள்.

அவையில் அரசன் முதலில் கூறுவதும், கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோன்மை ஆகாது என்பதே. ஆனால் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. இப்போது அவன் அரியணையில் இருக்கிறான். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று ஒப்புக்கொள்கிறான் அரசன். அவ்வளவுதான் வழக்கு. சிலம்பினுள் என்ன இருக்கிறது என்னும் ஒரு கேள்வி. அதற்கு ஒரு விடை. முதல்நாள் அந்தப்புர வாயிலில் நின்றபோதே இதனைக் கேட்டிருக்கலாம். தேவியின் சிலம்பில் முத்து இருந்தது என்பது அவன் அறியாததன்று. தெரிந்த ஒன்றே அந்நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. சுடுசொல் நினைவின் வாயிலை அடைத்து நின்றது என்று இதனைக் கூறுவோம்.

சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபின் அரசன் செய்வது பெருஞ்செயல். தான் ஆராயவில்லை என்று மட்டும் கூறி அவன் அமைந்திருக்கலாம். பொற்கொல்லன் பொய் கூறினான் என்று அவனைக் கொணரச் சொல்லியிருக்கலாம். அவ்வாறெல்லாம் செய்யாமல், எந்தச் சொல்லால் ஓர் உயிரைக் கொன்றானோ அந்தச் சொல்லையே எடுத்துத் தன் மேல் போட்டுக்கொள்கிறான். தானே கள்வன் என்று சொல்லி வீழ்கிறான். பொற்கொல்லன் வாயில் பொய்யாய்ப் பிறந்து, அரசன் வாய்க்குத் தாவி, காவலர் நடுவே வளர்ந்து, கோவலனைக் கொன்று, கண்ணகியைச் சுட்டு, இறுதியில் அரசன் வாயிலேயே மெய்யாய் முடிகிறது அச்சொல். ஒரு காப்பியத்தின் மையத்தில் ஒரு சொல் இவ்வாறு சுற்றிவர அமைத்தவர் கைத்திறனை என்னென்பது!

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. பலர் இதன்பின் வருவதைப் படிப்பதில்லை, படித்தாலும் பேசுவதில்லை. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகிக்குப் பலியாக ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்றான் என்று நூலே கூறுகிறது. கள்வன் எவன்? ஒரு பொற்கொல்லன். கொலையுண்டவர் எவர்? ஆயிரம் பொற்கொல்லர். 'கள்வன்' என்னும் சொல் செய்த வேலையை இப்போது 'பொற்கொல்லன்' என்னும் தொழிற்பெயர் செய்கிறது. அந்த ஆயிரவருள் எத்தனை பேர் அன்று காலையில் பட்டறையில் ஊதுகுழலோடு அமர்ந்திருந்தனரோ! அவர்கள் மனைவியர்க்கு ஒரு சிலம்பு இருந்திருக்காது உடைத்துக் காட்ட. அடிகள் இதனைப் பாராட்டியும் எழுதவில்லை, பழித்தும் எழுதவில்லை. பதிவு செய்துவிட்டுப் போகிறார். மேடைகளில் கண்ணகியின் நீதியைப் பேசுவோர் இவ்விடத்தில் இருமிவிட்டுத் தாண்டுவது நமக்கு உடன்பாடன்று.

காப்பியத்தில் நிகழ்ந்தது சட்டப் புத்தகத்திலும் நிகழ்ந்தது. 1871ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பிறப்பித்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குற்றம் செய்தவனைத் தண்டிப்பதன்று இச்சட்டம். ஒரு குலத்தில் பிறந்தவரையே குற்றப் பரம்பரையினர் என்று பதிவு செய்வது. மதுரை வட்டாரத்தில் கள்ளர் என்னும் குலப்பெயரைத் திருடர் என்றே ஆங்கிலத்தில் பெயர்த்தெழுதினர் அக்கால அதிகாரிகள் பலர். ஒலியே சான்றாயிற்று. ஊரார் இதனை ரேகைச் சட்டம் என்றனர். கைரேகை பதிக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் மாண்டனர் என்பர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் இச்சட்டம் நீக்கப்பட்டது. பாண்டியன் ஒரு வாக்கியத்தில் செய்த பிழையை, ஓர் அரசு கெஸட்டில் அச்சிட்டுப் பல பத்தாண்டுகள் நடத்தியது.

இங்கே ஒரு மறுப்புக்கு விடை கூற வேண்டும். சொல்லே சுடும் என்றால், அச்சொல் எங்கும் சுட வேண்டுமே? குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலர் படைத்த தலைவி, தன்னைக் களவில் மணந்தவனைக் கள்வன் என்றே சொல்கிறாள். அன்று வேறு சாட்சி எவருமில்லை; நீரோட்டத்தில் ஆரல்மீனுக்காகக் காத்து நின்ற ஒரு நாரை மட்டுமே இருந்தது. அவன் பொய்த்துவிட்டால் என் செய்வேன் என்னும் அச்சத்தில் பிறந்த சொல் அது. ஆயினும் அதில் காதல் வற்றவில்லை. ஞானசம்பந்தர் தம் முதற்பதிகத்தில் சிவபெருமானையே தம் உள்ளத்தைக் கவர்ந்த கள்வன் என்கிறார். வெண்ணெய் உண்ட கண்ணனைத் 'திருடன்' என்று கொஞ்சாத தாய் உண்டா? ஆக, சூடு சொல்லில் மட்டும் இல்லை. சொல்பவர் வாயிலும், கேட்பவர் வாழ்ந்த வாழ்விலும் இருக்கிறது. அதிகாரம் உடையவன் அறியாதவனைச் சுட்டிச் சொல்லும்போது கொல்லும் சொல், அன்புடையவள் அறிந்தவனை நோக்கிச் சொல்லும்போது அணைக்கிறது. கபிலர் பாட்டில் சாட்சி இல்லை என்று தலைவி வருந்துகிறாள். மதுரையில் சாட்சி காலிலேயே இருந்தும் கேட்பார் இல்லை.

கேட்பவர் வாழ்ந்த வாழ்வு என்றோம். இது நம்மைப் போல் பிறமொழி நடுவில் குடியிருப்போர்க்கு நேரே வந்து தைக்கும் செய்தி. இங்கே நமக்கும் ஒரு பெயர் உண்டு. 1969இலேயே சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆகிவிட்டது. ஆனால் 'மதராசி' என்னும் சொல் ஓய்வு பெறவில்லை. கேரளத்தாரும் ஆந்திரத்தாரும் கருநாடகத்தாரும் அதற்குள் அடக்கம். பெரும்பாலும் பகையின்றிச் சொல்லப்படும் சொல்தான். பக்கத்து வீட்டார் அன்போடும் சொல்வர். ஆயினும் 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னிந்தியரைக் குறிவைத்துக் கிளர்ச்சி எழுந்தபோது, லுங்கி என்னும் எளிய உடையின் பெயர்கூட வசையாயிற்று என்பதை அங்கு வாழ்ந்த குடும்பங்கள் மறக்கவில்லை. பெயர் ஒன்று, சூடு இரண்டு.

நம் பிள்ளைகள் நிலை வேறு. அவர்களுக்குக் 'கள்வன்' என்பது பாடப்புத்தகச் சொல். 'சோர்' என்பதோ ராஜா, மந்திரி, சோர், சிபாஹி என்று நான்கு சீட்டுகளைக் குலுக்கிப் போட்டு ஆடும் விளையாட்டில் பழகிய சொல். 'தீப்' என்பது பரீட்சைச் சொல். 2003ஆம் ஆண்டில் காத்ரின் ஹாரிஸ் முதலியோர், துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னர் ஆங்கிலம் கற்றவர்களிடம் இரு மொழிச் சொற்களையும் கேட்கச் செய்து, தோலில் ஏற்படும் நுண்ணிய மின்மாற்றத்தை அளந்தனர். சிறுவயதில் பெற்றோர் அதட்டும் சொற்கள் தாய்மொழியில் ஒலித்தபோது உடல் மிகுதியாக அதிர்ந்தது; அதே கண்டிப்பு ஆங்கிலத்தில் ஒலித்தபோது அத்துணை அதிரவில்லை. பொருள் இரண்டிலும் விளங்கியது. சூடு ஒன்றில்தான் இருந்தது. நம்மிடையே இறப்புச் செய்தியைச் சொல்வோர் 'அப்பா எக்ஸ்பயர் ஆகிவிட்டார்' என்று ஆங்கிலத்தில் ஒளிந்துகொள்வதும் இதனால்தான். நன்னூலார் இன்று இருந்தால் மங்கலத்தில் இதற்கும் ஓர் இடம் தந்திருப்பார்.

பிறமொழியின் இக்குளிர்ச்சி குறை மட்டும்தானா? 2012இல் போவாஸ் கெய்ஸர் முதலிய சிகாகோ அறிஞர்கள் ஒரு பழைய புதிரைப் பயன்படுத்தினர். 6 லட்சம் பேரை அச்சுறுத்தும் நோய்க்கு இரண்டு மருந்துகள். முதல் மருந்தால் 2 லட்சம் பேர் பிழைப்பது உறுதி என்றால் பலரும் அதனையே தேர்கின்றனர். 4 லட்சம் பேர் சாவர் என்று அதனையே மாற்றிச் சொன்னால் பலரும் அதனை விட்டு, துணிந்து பார்க்கும் இரண்டாவதற்குத் தாவுகின்றனர். கணக்கு ஒன்றே, பிழைத்தல், சாதல் என்னும் சொற்களே மனத்தைப் புரட்டுகின்றன. ஆனால் கற்ற பிறமொழியில் கேட்டபோது இத்தடுமாற்றம் வெகுவாகக் குறைந்தது. குளிர்ந்த மொழியில் எண்ணுவோர் சொல்லைக் கடந்து கணக்கைப் பார்த்தனர்.

இதனை வைத்து நம் இளைஞர்கள் சிலம்பு படிக்கும் முறையை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். தீட்சிதர் 1939இல் செய்த ஆங்கில ஆக்கத்தையோ, பார்த்தசாரதி 1993இல் செய்ததையோ கையில் எடுக்கும் அவர்கள், பொற்கொல்லன் சொல்லில் மயங்குவதில்லை. 'சிலம்பைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையா?' என்று சட்டென்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி, மேடைப் பேச்சாளர் பலர் கேளாத கேள்வி. ஆனால் அரசன் அச்சொல்லைத் தன்மேல் போட்டுக்கொண்டு விழும் இடத்தில், அவன் ஏன் சாக வேண்டும் என்று அவர்களுக்கு விளங்குவதில்லை. தவறு நேர்ந்துவிட்டது, இழப்பீடு கொடுத்திருக்கலாமே என்கின்றனர். கதை அவர்களை அடைந்துவிட்டது. இறுதி அடி அடையவில்லை.

அந்த அடி விழ வேண்டுமானால் கள்வன், பழி, மானம், பிழை முதலிய சொற்கள் எங்கோ ஒருமுறை அவர்கள் மேல் சுட்டிருக்க வேண்டும். பாட்டி ஒருத்தி, 'பழி சொல்லாதேடா, வாய் வெந்துபோகும்' என்று அதட்டியிருக்க வேண்டும். ஞாயிறு வகுப்புகளில் நாம் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் சொல்லித் தருகிறோம்; அது வேண்டும். ஆனால் பிள்ளை பொய் சொன்னாலும், தம்பியின் பென்சிலை எடுத்துக்கொண்டாலும், நாம் கண்டிப்பது இந்தியிலும் ஆங்கிலத்திலும். கொஞ்சுவதும் பெரும்பாலும் அம்மொழிகளில்தான். தமிழ் நம் வீட்டில் சோறு பரிமாறுகிறது, தொலைபேசியில் ஊரை நலம் விசாரிக்கிறது. சினமும் அழுகையும் வரும்போது அடுத்த அறைக்குப் போய்விடுகிறது.